துண்டு மீன் எந்த மீன்? புரதப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

தலை, வால், செதில், தோல் எல்லாம் போன பிறகு கைக்கு வருவது வெள்ளைச் சதை மட்டும்தான். பாக்கெட்டில் கொடுவா என்று எழுதியிருக்கும், உள்ளே விலை குறைந்த பாசா மீன் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல அடையாளம் எதுவும் மிச்சமிருக்காது. ஆனால் தசையில் உள்ள புரதங்கள் மீனுக்கு மீன் மாறும். அவற்றைக் கரைத்தெடுத்து, ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டி, சாயம் ஏற்றினால் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கோட்டு வரிசை கிடைக்கும்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியல், விலங்கியல் ப்ராஜெக்டாக இதைச் செய்ய வருபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜெல் வார்ப்பதை எல்லோரும் ஒரு வழியாகக் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். தடுமாறுவது அதற்கு வெகு முன்னால், மீன் வாங்கும் இடத்தில். ஜெல் தானாக எந்த மீனின் பெயரையும் சொல்லாது. பக்கத்து லேனில், அதாவது ஜெல்லில் ஒரு சாம்பிள் ஓடும் பாதையில், பெயர் தெரிந்த மீன் ஓடியிருந்தால்தான் இந்த லேனுக்குப் பெயர் வைக்க முடியும். கீழே உள்ள வரிசை முழுவதும் அதை ஒட்டித்தான் போகிறது.

1. கேள்வியை முதலில் குறுக்குங்கள்

"இது என்ன மீன்?" என்று தொடங்காதீர்கள். இந்தியக் கடலிலும் ஏரியிலும் இருக்கும் மீன் வகைகளுக்கு அந்தக் கேள்வி திறந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒப்பீட்டு மாதிரி யாரிடமும் இருக்காது.

"கொடுவா என்று விற்ற இந்தத் துண்டு கொடுவாதானா? இல்லையென்றால் பாசாவா, ஜிலேபி மீனா?" இப்படிக் கேளுங்கள். இப்போது வேண்டியது மூன்று ஒப்பீட்டு மீன்கள்தான். புரத முறைக்கு இந்த மாதிரிக் கேள்விதான் பொருந்தும்.

எந்த மீனுக்கு எது மாற்றாக வரும் என்று யோசிக்க விலைப்பட்டியலைப் பாருங்கள். விலை கூடியது கொடுவா, வஞ்சிரம், விரால் போன்றவை. விலை குறைந்து, எலும்பில்லாமல், வெள்ளையாகக் கிடைப்பது பாசா. கடைகளில் பாசா என்று வருவது பெரும்பாலும் பாங்காசியனோடான் ஹைப்போப்தால்மஸ் என்ற வளர்ப்புக் கெளுத்தி. எந்த ப்ராஜெக்டிலும் இதை ஒரு லேனில் சேர்த்துவிடுங்கள், கேட்காவிட்டாலும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குளிரூட்டும் சென்ட்ரிஃபியூஜ், மைனஸ் 20 டிகிரி உறைபெட்டி, செங்குத்து மினி ஜெல் கருவி, பவர் பேக், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், தராசு, மைக்ரோபிப்பெட். ஐசோஎலக்ட்ரிக் ஃபோகசிங் செய்யும் கிடைமட்டக் கருவி இருந்தால் நல்லது. அதை இனி ஐஇஎஃப் என்றே எழுதுகிறேன். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் அனுமதி கேட்கலாம். ஆனால் சாம்பிளோடு போய் நின்று கேட்காதீர்கள், முன்பே கடிதம் கொடுத்து வையுங்கள்.

காய்ச்சி வடித்த நீர் கட்டாயம். பாலாற்றுப் படுகையின் போர்வெல் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். அதில் சதையை அரைத்தால் கரையும் புரதத்தின் அளவு மாறும், ஐஇஎஃப் ஜெல்லில் கோடுகள் அலை அலையாக வளையும். கேன் தண்ணீரும் இதற்கு ஆகாது.

சாம்பிளுக்குத் தனி உறைபெட்டித் தட்டு ஒதுக்குங்கள். டீக்கு வாங்கிய பாலும் மீன் சாறும் ஒரே தட்டில் இருப்பதை நான் எத்தனையோ ஆய்வகங்களில் பார்த்திருக்கிறேன். பெட்டியை அடிக்கடி திறந்தால் சாம்பிள் உருகி உறையும், உருகி உறையும். புரதம் கெடுவதற்கு அது போதும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த வேலையில் மையமாக வரும் பார்வால்புமின் என்ற புரதம்தான் மீன் அலர்ஜிக்கு முக்கியக் காரணம். மீன் ஒத்துக்கொள்ளாத மாணவர் அரைக்கும் வேலையில் நிற்க வேண்டாம்.

3. முழு மீனை முதலில் வாங்குங்கள்

புதிதாக வருபவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் ஐந்தாறு பாக்கெட் வாங்கி வந்து, எல்லாவற்றையும் ஓட்டி, பிறகு "சார், இதை எதோடு ஒப்பிடுவது?" என்று கேட்பார்கள். இது தலைகீழ் வரிசை. முதலில் வாங்க வேண்டியது தலையும் துடுப்பும் உள்ள முழு மீன்.

வேலூர் மீன் மார்க்கெட்டில் விடியற்காலையில் போனால் முழு மீன் கிடைக்கும். கடல் மீனில் நிறைய சென்னைப் பக்கமிருந்து லாரியில் வருகிறது. காசிமேடு இங்கிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ரோகு, கட்லா என்றால் ஆந்திர வளர்ப்பு மீன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கூட்டத்தில் கடைக்காரருக்கு உங்கள் விளக்கத்தைக் கேட்க நேரமிருக்காது, எடை போட்ட கையோடு வெட்ட ஆரம்பித்துவிடுவார். "அண்ணா, வெட்டாதீங்க, செதில்கூட எடுக்காதீங்க, அப்படியே முழுசா வேணும்" என்று எடை போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடையில் சொல்லும் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். வஞ்சிரம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் வருகின்றன. சிவப்பாக இருக்கும் பல மீன்களுக்கு சங்கரா என்று பெயர். துடுப்பு முள் எண்ணிக்கை, பக்கக்கோட்டின் வளைவு, செதில் வரிசை, உடலில் உள்ள புள்ளி, பட்டை இவற்றை வைத்து அடையாள நூலோடு ஒப்பிட்டு இனத்தை உறுதி செய்யுங்கள். விலங்கியல் துறையில் மீன் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவைத்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு இனத்திலும் குறைந்தது மூன்று தனி மீன்கள் வேண்டும். ஒரே இனத்துக்குள்ளும் மீனுக்கு மீன் சில கோடுகள் மாறலாம். ஒரே ஒரு மீனை வைத்திருந்தால் அந்த மாற்றத்தை இன வேறுபாடு என்று எடுத்துக்கொள்வீர்கள்.

வெட்டும் முன் செய்ய வேண்டியது இரண்டு. அளவுகோலோடு சேர்த்து இரு பக்கமும் போட்டோ. அப்புறம் துடுப்பில் ஒரு சிறு துண்டை 95 சதவீத எத்தனாலில் போட்டு லேபிள் ஒட்டுங்கள். பின்னால் டிஎன்ஏ பார்க்க வேண்டி வந்தால் அது உதவும். லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

4. சந்தேகத் துண்டை வாங்குதல்

பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிள், பேட்ச் எண், உறைய வைத்த தேதி, சேர்க்கப்பட்ட பொருட்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். உறைந்த பாசாத் துண்டுகளில் தண்ணீரைப் பிடித்து வைக்க பாஸ்பேட்டும் உப்பும் சேர்ப்பது வழக்கம். அது லேபிளில் இருந்தால் ஐஇஎஃப் செய்யும்போது உப்பை நீக்க வேண்டியிருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்கிறீர்கள்.

உறைந்த துண்டின் மேல் கண்ணாடி போல ஐஸ் படலம் இருக்கும். குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் சட்டென்று அலசி அந்தப் படலத்தை மட்டும் நீக்குங்கள். முழுத் துண்டையும் வெளியே வைத்து உருக விட்டு, வடிந்த நீரைக் கொட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. நாம் தேடும் கரையும் புரதங்களில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். பாதி உறைந்த நிலையிலேயே வெட்டுங்கள், கத்திக்கும் அதுதான் வசதி.

மசாலா தடவிய துண்டு என்றால் மேல்பகுதியைத் தாராளமாகச் சீவி எறியுங்கள். எலுமிச்சையும் வினிகரும் புரதத்தைக் கெட்டியாக்கிவிடும், மஞ்சள் நிறமும் ஒட்டிக்கொள்ளும். நடுப்பகுதிச் சதையை மட்டும் எடுங்கள்.

ஒரே துண்டைப் பாதியாக்கி, ஒரு பாதியைத் தொடாமல் உறைபெட்டியில் வையுங்கள். முடிவில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போக இடம் வேண்டும்.

5. ஐஸ்

மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மார்க்கெட்டிலிருந்து பஸ்ஸில் காட்பாடி வருவதற்குள் பாலித்தீன் பையில் இருக்கும் மீனின் தசை நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். பெரிய புரதங்கள் துண்டாகி, ஜெல்லின் கீழ்ப்பகுதியில் இல்லாத கோடுகள் முளைக்கும்.

தெர்மாகோல் பெட்டி, உடைத்த ஐஸ், மீனுக்கு இரட்டைப் பை. ஐஸ் உருகிய தண்ணீர் சதையில் படக்கூடாது, அதனால்தான் இரட்டைப் பை. பெட்டிக்குள் ஐஸ் கீழேயும் மேலேயும் இருக்கட்டும்.

6. எந்த இடத்துச் சதை

முதுகுப்பக்க வெள்ளைச் சதை, தோலிலிருந்து தள்ளி, நடு எலும்பிலிருந்தும் தள்ளி. பக்கக்கோட்டை ஒட்டிப் போகும் கருஞ்சிவப்புச் சதையைத் தொடாதீர்கள். அதில் மயோகுளோபின் அதிகம், பார்வால்புமின் குறைவு. ஒரே மீனின் இரண்டு சதைகளை இரண்டு லேனில் ஓட்டினால் இரண்டு மீன் போலத் தெரியும் அளவுக்கு வித்தியாசம் வரும்.

பார்வால்புமின் தலைப்பக்கத்தில் அதிகமாகவும் வால்பக்கம் போகப்போகக் குறைந்தும் இருக்கும். ஒப்பீட்டு மீனில் எப்போதும் முதல் முதுகுத் துடுப்புக்குக் கீழே எடுங்கள். சந்தேகத் துண்டில் தடிமனான முனையில் எடுங்கள். வால் முனையாக இருக்குமோ என்று தோன்றினால் ஒப்பீட்டு மீனின் வால்பக்கச் சதையையும் ஒரு லேனில் சேருங்கள். சிறிய வேலைதான், ஆனால் பல வீண் விவாதங்களை மிச்சப்படுத்தும்.

7. புரதத்தைப் பிரித்தெடுத்தல்

மீன் தசைப் புரதத்தில் பெரும்பகுதி ஆக்டின், மயோசின் போன்ற நார்ப் புரதங்கள். அவை தண்ணீரில் கரையாது, இனத்துக்கு இனம் பெரிதாக மாறவும் மாறாது. நமக்கு வேண்டியது சார்கோபிளாஸ்மிக் புரதங்கள், அதாவது செல் திரவத்தில் மிதக்கும் நொதிகளும் பார்வால்புமினும். மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு. வெறும் தண்ணீரில் கரைந்து வருவதால் பிரிப்பது எளிது.

ஒரு கிராம் சதையைப் பொடியாக நறுக்கி, மூன்று மடங்கு ஐஸ் குளிர் நீர் சேர்த்து அரைக்க வேண்டும். ஹோமோஜினைசர் இருந்தால் பத்துப் பத்து விநாடியாக, இடையில் ஐஸில் வைத்து வைத்து ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் உராய்வுச் சூட்டில் புரதம் கெடும், நுரையும் பொங்கும். கல்வமும் குழவியும்தான் இருக்கிறதென்றால் அவற்றை உறைபெட்டியில் குளிர வைத்துவிட்டு அரையுங்கள்.

அரைத்ததை ஐஸில் அரை மணி நேரம் வைத்து, 4 டிகிரியில், 10,000 ஜி விசையில், 15 முதல் 20 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். ஜியும் ஆர்பிஎம்மும் ஒன்றல்ல. 1.118-ஐ ரோட்டரின் ஆரத்தாலும் ஆர்பிஎம்மின் வர்க்கத்தாலும் பெருக்கி, ஒரு லட்சத்தால் வகுத்தால் ஜி வரும். ஆரம் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 8 சென்டிமீட்டர் ஆரமுள்ள ரோட்டரில் 10,000 ஆர்பிஎம் ஓட்டினால் 9,000 ஜிக்குச் சற்றுக் குறைவுதான். கட்டுரையில் ஜி என்று போட்டிருப்பதை ஆர்பிஎம் என்று படித்து ஓட்டிவிட்டு, சாறு கலங்கலாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா பேட்சிலும் உண்டு.

மேலே கொழுப்புப் படலம் மிதந்தால் அதன் அடியில் பிப்பெட்டை நுழைத்துத் தெளிந்த திரவத்தை மட்டும் எடுங்கள். கொழுப்பு வந்தால் லேனில் இழுவை விழும்.

எடுத்த சாறைச் சிறு குழாய்களில் ஒருமுறைப் பயன்பாட்டு அளவாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரே குழாயை நாலு முறை உருக்கி உறைய வைத்தால், நாலாவது முறை ஓடுவது முதல் முறை ஓடியதாக இருக்காது. அன்றைக்கே ஜெல் ஓட்ட முடிந்தால் ஓட்டிவிடுங்கள். குழாயில் எண் மட்டும் எழுதுங்கள், மீன் பெயர் வேண்டாம். பெயர் தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும்.

8. புரத அளவு

பிராட்ஃபோர்டு முறை போதும். 595 நானோமீட்டரில் அளக்கலாம், போவைன் சீரம் ஆல்புமினை ஒப்பாக வையுங்கள். மீன் சாறு கெட்டியாக இருக்கும், பத்து மடங்கோ இருபது மடங்கோ நீர்த்துப் பார்த்தால்தான் அளவுக்கோட்டுக்குள் விழும்.

எஸ்டிஎஸ் (புரதத்தைக் கரைக்கும் டிடர்ஜென்ட்) கலந்த சாறுக்கு பிராட்ஃபோர்டு உதவாது, நிறம் தப்பாக வரும். அதற்கு பிசிஏ (பைசின்கோனினிக் அமிலம்) முறை. ஆனால் மெர்காப்டோஎத்தனால் சேர்க்கும் முன்பே அளந்துவிடுங்கள், அது பிசிஏவைக் கெடுக்கும்.

இந்தப் படியைத் தாண்டிப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். அளக்காமல் ஏற்றினால் ஒரு லேன் கருப்பாகவும் பக்கத்து லேன் வெளுப்பாகவும் வரும். வெளுத்த லேனில் கோடு இல்லையா, மங்கலாக இருக்கிறதா என்று கடைசிவரை தெரியாது. எல்லா லேனிலும் ஒரே அளவு, 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை ஏற்றுங்கள்.

9. முதல் ஜெல்: எஸ்டிஎஸ்-பேஜ்

இது புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும். மீன் குடும்பமே வேறு என்றால், உதாரணமாகக் கொடுவாவும் பாசாவும் என்றால், இதிலேயே தெரிந்துவிடும்.

பிரிக்கும் ஜெல்லில் அக்ரிலமைடு 15 சதவீதம் வையுங்கள். பார்வால்புமின் 12 கிலோடால்டன் அருகே இருக்கும் சின்னப் புரதம். 10 சதவீத ஜெல்லில் அது சாயத்தோடு சேர்ந்து கீழே ஓடிப்போய்விடும். மேலே அடுக்கும் ஜெல் 4 அல்லது 5 சதவீதம், பி.ஹெச். 6.8. பிரிக்கும் ஜெல் பி.ஹெச். 8.8.

பாலிமராகாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பொடியை எடை போடும்போது முகமூடியும் போடுங்கள். முடிந்தால் கரைசலாகவே வாங்குங்கள்.

வெயில் காலத்தில் ஜெல் கலவை சொன்ன நேரத்துக்கு முன்பே இறுகிவிடும், சிலருக்குப் பீக்கரிலேயே. கரைசல்களைக் குளிர்ச்சியாக வைத்து, ஜெல்லை இறுக வைக்கும் டெமெட்டைக் கடைசியாகச் சேர்த்து உடனே ஊற்றுங்கள். மேலே ஐசோபுரோப்பனாலை மெதுவாக விட்டால் விளிம்பு நேராக வரும். இறுகாமலே கிடந்தால் அம்மோனியம் பெர்சல்ஃபேட் பழசாகியிருக்கும். அதை அன்றன்றைக்குக் கரையுங்கள்.

சாம்பிள் பஃபரில் 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கிய பிறகு குழாயை ஐஸில் வைக்காதீர்கள். குளிரில் எஸ்டிஎஸ் படிகமாகி வெள்ளையாகப் படியும். இதுவரை எல்லாவற்றையும் ஐஸில் வைக்கச் சொல்லிவிட்டு இங்கே மட்டும் வேண்டாம் என்பதால் பழக்க தோஷத்தில் தவறுவார்கள்.

லேன் வரிசையைத் தாளில் எழுதிவிட்டுத்தான் பிப்பெட்டைத் தொட வேண்டும். இரண்டு ஓர லேன்களிலும் முக்கியமான சாம்பிள் வேண்டாம், அங்கே கோடு வளையும். மார்க்கர் (அளவு தெரிந்த புரதக் கலவை), கொடுவா, சந்தேகத் துண்டு, கொடுவா, பாசா, சந்தேகத் துண்டு, ஜிலேபி என்று ஒப்பீட்டு மீன்களுக்கு நடுவில் துண்டு வர வேண்டும். கொடுவா இரண்டும் வேறு வேறு தனி மீனாக இருக்கட்டும். பக்கத்தில் இருந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நம்ப முடியும். போன வாரத்து ஜெல்லில் ஓடிய கொடுவாவோடு இந்த வாரத்துத் துண்டை ஒப்பிடும் வேலையே வேண்டாம்.

அடுக்கும் ஜெல்லில் 80 வோல்ட், பிறகு 120 வோல்ட். நீலச் சாயம் அடி விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் மேலே இருக்கும்போதே நிறுத்துங்கள். பவர் பேக்கை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். நடுவில் கரண்ட் போய் ஜெல் அப்படியே நின்றால் புரதங்கள் பரவி, கோடுகள் தடித்துவிடும். அந்த ஜெல்லை வைத்து எந்த முடிவும் எழுதாதீர்கள்.

கூமாசி நீலம் ஏற்றி, நீக்கும் கரைசலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது ஒரு வழக்கம். பின்னணி பளிச்சென்று வரும், கூடவே பார்வால்புமின் போன்ற சின்னப் புரதம் ஜெல்லிலிருந்து கசிந்து போகும். கண் பார்வையில் நீக்குங்கள், அன்றைக்கே ஸ்கேன் செய்யுங்கள்.

10. இரண்டாவது ஜெல்: ஐஇஎஃப்

நெருங்கிய இனங்களில் புரதத்தின் அளவு ஒன்றாகவே இருக்கும், மின்சுமைதான் மாறும். ஐஇஎஃப் அந்த மின்சுமையைப் பிரிக்கிறது. பி.ஹெச். படிப்படியாக மாறும் ஜெல்லில் ஒவ்வொரு புரதமும் தன் சுமை பூச்சியமாகும் இடத்தில் போய் நிற்கும். பச்சைத் துண்டுக்கு இதுதான் நம்பகமான முறை. பகுப்பாய்வு முறைகளை அங்கீகரிக்கும் ஏஓஏசி அமைப்பின் அதிகாரப்பூர்வ முறைகளில் 980.16 என்ற எண்ணில் இது இடம்பெற்றிருக்கிறது.

முதலில் பி.ஹெச். 3 முதல் 10 வரை உள்ள ஜெல். எல்லாக் கோடுகளும் எங்கே குவிகின்றன என்று இதில் தெரியும். பார்வால்புமின்கள் அமிலப் பக்கத்தில் நிற்கும். சந்தேகம் அங்கேதான் என்றால் அடுத்து 4 முதல் 6.5 வரை உள்ள குறுகிய ஜெல்லுக்குப் போங்கள். நேராகக் குறுகிய ஜெல்லில் தொடங்கினால் வெளியே விழும் கோடுகள் கண்ணில் படாமலே போகும்.

சாம்பிளில் உப்பு இருக்கக்கூடாது. பாஸ்பேட் சேர்த்த துண்டின் சாறை ஓர் இரவு குளிர் நீரில் டயலிசிஸ் (சவ்வுப் பையில் போட்டு உப்பை வெளியேற்றுவது) செய்யுங்கள். ஒப்பீட்டு மீனின் சாறையும் அதே போலச் செய்யுங்கள், ஒன்றை மட்டும் செய்தால் ஒப்பீடு கெடும்.

குளிர்த் தட்டு 10 டிகிரியில் இருக்க வேண்டும். தட்டுக்கும் ஜெல்லுக்கும் நடுவே மெல்லியதாக மண்ணெண்ணெய் தடவினால் சூடு சமமாகக் கடத்தப்படும், காற்றுக் குமிழி நிற்காது. நேர்முனைப் பட்டையை பாஸ்பாரிக் அமிலத்திலும் எதிர்முனைப் பட்டையை சோடியம் ஹைட்ராக்சைடிலும் நனைக்க வேண்டும். மாற்றி வைத்தால் முழு ஓட்டமும் வீண்.

முடிந்ததும் நேராகச் சாயத்தில் போடாதீர்கள். பி.ஹெச். மாற்றத்தை உண்டாக்கும் ஆம்போலைட்டுகளும் சாயத்தைப் பிடித்து ஜெல்லையே நீலமாக்கிவிடும். ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலமும் சல்ஃபோசாலிசிலிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊற வைத்து அவற்றை வெளியேற்றிய பிறகுதான் கூமாசி.

11. பொரித்த துண்டு, வேகவைத்த துண்டு

சூட்டில் பெரும்பாலான சார்கோபிளாஸ்மிக் புரதங்கள் உறைந்து, தண்ணீரில் கரைய மறுக்கும். ஓட்டல் ஃபிஷ் ஃபிங்கரைத் தண்ணீரில் அரைத்து "கோடே வரவில்லை" என்று வருபவர்களுக்குப் பதில் இதுதான்.

இங்கே இரண்டு வழி. ஒன்று, 1 அல்லது 2 சதவீத எஸ்டிஎஸ் கரைசலில் கரைத்து எஸ்டிஎஸ்-பேஜ் ஓட்டுவது. நார்ப் புரதங்களும் கூடவே வரும், லேன் நெருக்கமாக இருக்கும், ஆனால் மயோசின் லேசான சங்கிலிகளும் பார்வால்புமினும் இருக்கும் கீழ்ப்பகுதி உதவும். பார்வால்புமின் சூட்டைத் தாங்கும் புரதம். இன்னொன்று, 8 மோலார் யூரியாவில் கரைத்து, யூரியா சேர்த்த ஐஇஎஃப் ஜெல்லில் ஓட்டுவது.

யூரியாக் கரைசலைச் சூடாக்காதீர்கள், 37 டிகிரியே எல்லை. சூட்டில் யூரியாவிலிருந்து சயனேட் உண்டாகி புரதத்தோடு ஒட்டும், மின்சுமை மாறும், கோடு இடம்பெயரும். இல்லாத இனம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி அதோடு வரும்.

ஒப்பீட்டு மீனையும் அதே மாதிரி பொரிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பகுதியில் தவறவே கூடாத விஷயம். பொரித்த துண்டுக்குப் பக்கத்தில் பச்சை மீனை ஓட்டி "பொருந்தவில்லை" என்று எழுதினால் அது மீனைப் பற்றிய முடிவாகாது, எண்ணெய்ச் சட்டியைப் பற்றிய முடிவு. உறைந்த துண்டுக்கு உறைய வைத்த ஒப்பீட்டு மீன், உப்பு ஊறிய துண்டுக்கு உப்பு ஊறிய ஒப்பீட்டு மீன்.

டப்பா மீனை இந்த முறையில் தொடாதீர்கள். 121 டிகிரி அழுத்தச் சூட்டில் புரதங்கள் சிதைந்துவிடும். சூரை போன்ற மீன்களில் பார்வால்புமினும் மிகக் குறைவு என்பதால் சூரை டப்பாவுக்கு இது இரட்டைத் தோல்வி.

12. ஜெல்லைப் படிப்பது

கோடு இருக்கும் இடத்தைப் பாருங்கள், கருமையைப் பார்க்காதீர்கள். கருமை மீனின் புத்துணர்ச்சிக்கும் சதை எடுத்த இடத்துக்கும் ஏற்ப மாறும்.

முதலில் ஒரே இனத்து ஒப்பீட்டு மீன்கள் மூன்றையும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். மூன்றிலும் மாறாமல் வரும் கோடுகளை மட்டும் அந்த இனத்தின் கோடுகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் சந்தேகத் துண்டைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் துண்டுக்கு ஏற்ற மாதிரி ஒப்பீட்டுக் கோடுகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவோம். குழாய் எண்ணுக்கு மீன் பெயர் எது என்ற பட்டியலை ஜெல் படித்தவர் தவிர வேறொருவர் வைத்திருக்கட்டும்.

கெண்டை வகைகளில் பார்வால்புமின் பல வடிவங்களில் வரும், ஒரே மீனில் நாலைந்து அமிலக் கோடுகள் பார்க்கலாம். கலப்படம் என்று பயப்பட வேண்டாம். இரண்டு இனங்களின் கோடுகளும் முழுவதுமாக ஒரே லேனில் இருந்தால்தான் கலவை என்று சந்தேகிக்கலாம். கொத்திய சதையில் செய்த கட்லெட்டில் அது நடக்கும்.

"பொருந்தவில்லை" என்பதும் "பொருந்துகிறது" என்பதும் சம எடை கொண்டவை அல்ல. ஒப்பீட்டு மீனும் துண்டும் ஒரே பக்குவத்தில் இருந்து, கோடுகள் தெளிவாக மாறினால் அது வேறு மீன் என்று துணிந்து சொல்லலாம். பொருந்தினால் அந்த மீன், அல்லது அதன் நெருங்கிய உறவு என்றுதான் சொல்ல முடியும். வஞ்சிரத்தின் இனங்களுக்குள் எது என்று கேட்டால், எல்லா இனமும் உங்கள் ஜெல்லில் ஓடித் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் ஒழிய பதில் சொல்லாதீர்கள். அங்கே எத்தனாலில் போட்ட துடுப்புத் துண்டையும் மீதிச் சதையையும் எடுத்து, இனத்தை அடையாளம் காட்டும் சிஓஐ மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்து நீளப் பகுதியை வரிசைப்படுத்துங்கள். ஜெல் வீணாகவில்லை. இருபது பாக்கெட்டில் எந்த மூன்றுக்கு டிஎன்ஏ செலவு செய்வது என்பதை அதுதான் சொல்லியிருக்கும்.

13. முடிவை எழுதுவது

மூன்றே வகை முடிவு வையுங்கள்: பொருந்துகிறது, பொருந்தவில்லை, முடிவு சொல்ல இயலாது. மூன்றாவதை எழுதக் கூச்சப்படுபவர்கள் அதிகம். இழுவை விழுந்த லேன், நடுவில் நின்ற ஜெல், சிதைந்த சாம்பிள் எல்லாம் அதில்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு முடிவும் குறைந்தது இரண்டு தனி ஜெல்லில் ஒரே மாதிரி வந்திருக்க வேண்டும். இரண்டாவது ஜெல்லுக்குச் சதையிலிருந்தே புதிதாகச் சாறு எடுங்கள். ஒரே சாறை இருமுறை ஓட்டினால் ஜெல் மட்டும்தான் சரிபார்க்கப்படும்.

ப்ராஜெக்ட் அறிக்கையில் கடையின் பெயர் வேண்டாம். உங்கள் ஜெல் சட்டப்படி சாட்சியும் ஆகாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்க வேண்டும், நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும், அதன் பிறகே பகுப்பாய்வாளரிடம் போகும். ஏமாற்று என்று உறுதியாகத் தோன்றினால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பாக்கெட் லேபிளின் போட்டோவோடும் பில்லோடும் புகார் கொடுங்கள். ஜெல் படத்தை இணைப்பாக வைக்கலாம், புகாரின் அடிப்படையாக பில்லும் லேபிளும் இருக்கட்டும். அதனால் பில் வாங்காமல் துண்டு வாங்காதீர்கள்.